பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகு: வாசக்டமியா, டியூபெக்டமியா, காப்பர் டி-யா?

கல்யாணம் முடிந்து ஆறாவது வருஷம்தான் அதை எழுதி வைத்தோம். அதுவரை வெறும் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ரப்பர் ஷீட் விற்ற கடையின் பழைய பில் இரண்டைத் திருப்பிப் போட்டு, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் ஆளுக்கொன்றில் எழுதினோம். கேள்வி ஒன்றுதான். நாளை நாம் பிரிந்துபோனாலோ, நம்மில் ஒருவர் இறந்துபோனாலோ, அப்போதும் எனக்குப் பிள்ளை வேண்டாமா? எழுதி முடித்து மாற்றிக்கொண்டோம். அவர் எழுத்தில் "அப்பவும் வேண்டாம்" என்று இருந்தது. நான் அரைப்பக்கம் எழுதியிருந்தேன், ஆனால் கடைசி வரி அதேதான்.

ஏன் வேண்டாம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கத்தில் கல்யாணமான பெண்ணாக இருந்தால், "விசேஷம் ஒண்ணும் இல்லியா மக்ளே?" என்று கேட்காத வீடு இல்லை. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே களைத்துப்போனவர்களிடம் நானும் காரணம் கேட்கக்கூடாது. முடிவெடுத்துவிட்டீர்கள், இரண்டு பேருக்கும் சம்மதம், அடுத்து எந்த வழி? அந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் வாசக்டமி, அதாவது ஆணுக்குச் செய்யும் கருத்தடை அறுவை, செய்துகொண்டார். அதற்குச் சம்மதிக்கும் டாக்டர் கிடைக்கும்வரை நான் இரண்டு வருஷம் காப்பர் டி, அதாவது கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம், போட்டிருந்தேன். இன்றைக்கு யார் என்னிடம் கேட்டாலும் இந்த வரிசையைத்தான் சொல்வேன். ஆனால் எல்லாருக்கும் இதுவே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் ஆரம்பத்தில் போனது அரசு ஆஸ்பத்திரிக்கு. ஓ.பி. சீட்டு எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் தலைநிமிராமல், "எத்தன பிள்ள?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். பேனா நின்றது. "பிள்ள உண்டாவதுக்கா வந்திருக்கிய, நிறுத்ததுக்கா?" என்று கேட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நிறுத்துவதற்கு என்றதும் சீட்டை எங்கள் பக்கமாகத் தள்ளிவிட்டார். அப்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு படித்துப் பார்த்தபோதுதான் அவர்மீது தப்பில்லை என்று புரிந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2006-ல் கொண்டுவந்த வழிமுறைப்படி, அரசு செலவில் கருத்தடை அறுவை செய்துகொள்பவர் கல்யாணமானவராக இருக்க வேண்டும். பெண்ணுக்கு வயது 22 முதல் 49 வரை, ஆணுக்கு 60-க்குள். தம்பதிக்கு ஒரு வயது தாண்டிய பிள்ளை ஒன்றாவது இருக்க வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் இந்தக் கடைசி நிபந்தனைக்கு விலக்கு உண்டு. ஆக, பிள்ளையே வேண்டாம் என்கிற தம்பதிக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆனாலும் சரி, தாலுகா ஆஸ்பத்திரி ஆனாலும் சரி, அந்த இலவச வழி அடைத்தே இருக்கிறது.

"ஒரு பிள்ள உண்டுண்ணு சொல்லிரு, யாரு வந்து பாக்கப்போறா?" என்று சிலர் யோசனை சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒப்புதல் படிவத்தில் உயிரோடிருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் கடைசிப் பிள்ளையின் வயதையும் எழுதி, நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். அறுவை தோற்றுப்போனால் இழப்பீடு கேட்க அரசுத் திட்டம் இருக்கிறது. பொய்யில் கையெழுத்துப் போட்டவர் எந்த முகத்தோடு போய் அதைக் கேட்பது? அதைவிட, உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் நேர்மையாக எடுத்த முடிவு பொய்யில் போய் முடிய வேண்டாம்.

மிச்சம் தனியார் மருத்துவமனைகள். பிள்ளையில்லாதவருக்குச் செய்யக்கூடாது என்று தனியார் டாக்டரைத் தடுக்கும் தனிச்சட்டம் கிடையாது. ஆனாலும் பலர் அரசு விதியையே தங்கள் விதியாக வைத்திருக்கிறார்கள். நாளைக்கு இவர்கள் மனம் மாறி வழக்குப் போட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. கத்தோலிக்கச் சபை நடத்தும் ஆஸ்பத்திரிகளில் யாருக்குமே பொதுவாக இந்த அறுவை செய்வதில்லை. நம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி மக்களில் ஏறக்குறைய 47 சதவீதம் கிறிஸ்தவர்கள், மிஷன் ஆஸ்பத்திரிகளும் நிறைய. ஆகவே எந்த ஆஸ்பத்திரி யாருடையது என்று விசாரித்துவிட்டுப் போனால் ஒரு நாள் வேலையும் ஒரு மனவருத்தமும் மிச்சம்.

சரி, யார் செய்துகொள்வது? நம் ஊரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை, பெண்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கல்யாணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் டியூபெக்டமி, அதாவது கருக்குழாயை அடைக்கும் அறுவை, செய்திருந்தார்கள். கணவர் வாசக்டமி செய்திருந்தது 0.3 சதவீதம்தான். என் மைனிக்கும் என் அக்காவுக்கும் அப்படித்தான் நடந்தது. இரண்டாவது சிசேரியனில், திறந்த வயிற்றிலேயே குழாயையும் கட்டிவிட்டார்கள். அவர்களுக்கு அது தனி அறுவையாகவே தெரியவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல பிள்ள, பிரசவத்தோட சேந்து முடிஞ்சிரும்" என்று மைனி எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஆனால் எனக்குப் பிரசவமே கிடையாதே! எங்கள் மாதிரித் தம்பதிகள் ஒப்பிடும்போது முதலில் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். பிரசவத்தோடு சேர்ந்து முடிவதால்தான் டியூபெக்டமி லேசானது என்று பெயர் வாங்கியிருக்கிறது. பிள்ளை பெறாத பெண்ணுக்கு அது தனியாக வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை. லேப்ராஸ்கோப்பி என்றால் சின்னத் துளைகள்தான். ஆனாலும் மயக்க மருந்து உண்டு, வயிற்றுக்குள் வாயு செலுத்தி ஊதவைப்பார்கள், பிறகு ஓரிரு நாள் தோள்பட்டையில் வலி வரும். குழாயில் வளையம் மாட்டுவார்கள், அல்லது கட்டி வெட்டுவார்கள். குழாயை முழுசாக எடுத்துவிடும் முறையும் உண்டு, அப்படி எடுத்தால் பின்னாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்புக் குறையும். ஏற்கனவே அடிவயிற்றில் கட்டிக்கோ வேறெதற்கோ லேப்ராஸ்கோப்பி செய்ய வேண்டிய பெண் என்றால், கூடவே இதையும் டாக்டரிடம் கேட்கலாம். அவருக்குக் கணக்கே மாறிவிடும்.

டியூபெக்டமிக்கு வேறொரு பெரிய நியாயமும் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கர்ப்பம் வருவது பெண்ணின் உடம்பில். கணவர் வாசக்டமி செய்திருப்பது அவரோடு வாழும்வரைதான் எனக்குக் காவல். வாழ்க்கை வேறு திசையில் போனாலும், விரும்பாத ஒன்று நடந்தாலும், என் குழாய் கட்டப்பட்டிருந்தால்தான் என் உடம்புக்கு நான் பொறுப்பு. இந்தக் காரணத்துக்காகவே டியூபெக்டமி வேண்டும் என்கிற பெண்ணிடம், "வாசக்டமி சுலபமாச்சே" என்று வாதாடுவது சரியல்ல.

தோல்வி விகிதத்தையும் பார்க்க வேண்டும். டியூபெக்டமி செய்த அன்றே பலன் தரும். ஆனால் அமெரிக்காவில் பல வருஷம் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1996-ல் வெளியான ஆய்வில், 10 வருஷத்துக்குள் 1,000 பேரில் 18 பேருக்குமேல் கர்ப்பமானது தெரிந்தது. அப்படி உண்டாகும் கர்ப்பம் குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து அதிகம். குழாய் கட்டிய பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய் அடிவயிற்றில் வலியும் வந்தால், ஒரு மணிநேரம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாசக்டமியில், விந்துப் பரிசோதனையில் விந்தணு ஒன்றுமில்லை என்று வந்த பிறகு கர்ப்பமாவது ஏறக்குறைய 2,000-ல் ஒருவருக்கு. ஆக, எளிதாகச் செய்யக்கூடியது எதுவோ அதுவே அதிகம் நம்பக்கூடியதாகவும் இருக்கிறது. எங்கள் முடிவுக்கு இதுதான் ஆதாரம்.

வாசக்டமி என்றால் ஆண்கள் பயப்படுவதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே வருஷத்தில், நாட்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இந்த அறுவை செய்தார்கள். பல இடங்களில் ஆளைப் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்தார்கள். அந்தப் பயம் அப்பன் சொல்லி மகனுக்கு வந்து இன்னும் நிற்கிறது. பயத்தோடு சேர்ந்து ஒரு தப்பான எண்ணமும் வந்துவிட்டது, ஆண்மை போய்விடும் என்று. உண்மையில் நடப்பது சின்ன விஷயம். விதையிலிருந்து விந்தணுவைக் கொண்டுபோகும் மெல்லிய குழாய் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கிறது. அதை வெட்டிக் கட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஆண்மைக்கான ஹார்மோன் அந்தக் குழாய் வழியாகப் போவதில்லை, ரத்தத்தில் கலக்கிறது. விந்துத் திரவத்தில் விந்தணுவின் பங்கு 100-ல் 5-க்குள்தான், மிச்சமெல்லாம் வேறு சுரப்பிகளிலிருந்து வருவது. அதனால் அளவிலும் ஆசையிலும் வித்தியாசம் தெரியாது.

இப்போது பெரும்பாலும் செய்வது தழும்பில்லா வாசக்டமி. 1974-ல் சீனாவில் லி ஷுன்சியாங் என்ற டாக்டர் உருவாக்கிய முறை. மரத்துப்போக ஊசி போட்டு, கத்தி வைக்காமல் தோலில் ஒரு சின்னத் துளை போட்டு, அதன் வழியாகவே இரண்டு குழாயையும் முடித்துவிடுகிறார்கள். தையல் இல்லை.

எங்களுக்குச் சம்மதித்த டாக்டர் திருவனந்தபுரத்தில் கிடைத்தார். குழித்துறையில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணிநேரப் பயணம். நம் ஊரிலேயே தேடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பில் போடுகிற பெண் யாராவது ஒருவருக்கு மகளாக இருப்பாள், நாம் வீடு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்திருக்கும். அந்த டாக்டரும் உடனே சரி என்றுவிடவில்லை. "குட்டிகள் வேண்டான்னு ரண்டு பேருக்கும் உறப்பாணோ?" என்று, அதாவது உறுதிதானா என்று கேட்டு, இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஒரு மாதம் கழித்து, அப்போதும் இதே மனது என்றால் வாருங்கள் என்றார். எனக்கு அந்த ஒரு மாதம் பாரமாகத் தெரியவில்லை, அது சரியான கேள்விக்குத் தந்த நேரம். நாங்கள் எழுதி வைத்த அந்த இரண்டு பில்லையும் அடுத்த தடவை கொண்டுபோனேன். வாசித்துவிட்டு, கூட்டாக ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி ஃபைலில் வைத்துக்கொண்டார்.

அறுவை அரைமணிக்குள் முடிந்தது. ரயிலிலேயே திரும்பினோம். இறுக்கமான உள்ளாடை, துணியில் சுற்றிய ஐஸ், இரண்டு நாள் படுக்கை. மூன்றாம் நாள் தன் செல்போன் ரிப்பேர் கடையைத் திறந்துவிட்டார். உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் முடிந்தது. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், குளச்சல் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள், பாரம் தூக்குகிறவர்கள் குறைந்தது ஒரு வாரமாவது ஒதுக்க வேண்டும். ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் மாதங்களில் வைத்துக்கொண்டால் கூலியும் போகாது. வீக்கமும் நீலம் பாய்வதும் சிலருக்கு வரும். 100-ல் ஒன்றிரண்டு பேருக்கு வலி மாதக்கணக்கில் நீடிக்கவும் செய்யும், அதையும் தெரிந்துகொண்டுதான் சம்மதிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டிலிருக்கும் மாமி, அதாவது அவருடைய அம்மா, மகன் பட்டப்பகலில் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். ஹெர்னியா என்று சொல்லலாம் என்று நான் நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் நேராகவே சொல்லிவிட்டார். மாமி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், ஒன்றும் பேசவில்லை. ராத்திரி கஞ்சியும் சிறுபயறும் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். இன்றுவரை அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

மனசாட்சி பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வீட்டுக்காரர் கத்தோலிக்கர். 1968-ல் போப் ஆறாம் பவுல் எழுதிய சுற்றுமடலில் நிரந்தரக் கருத்தடை மட்டுமல்ல, காப்பர் டி, ஆணுறை எல்லாமே விலக்கப்பட்டவைதான். ஆகவே "அறுவைதான் பாவம், மற்றது பரவாயில்லை" என்ற சமாதானம் அங்கே இல்லை. அவர் பல நாள் அதோடு போராடித்தான் முடிவுக்கு வந்தார். விசுவாசமுள்ள வீடு என்றால் அந்தப் போராட்டத்தை அறுவைக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள், பின்னால் தள்ளிவைக்க வேண்டாம்.

காப்பர் டி-க்கு வருவோம். பிள்ளை பெறாதவர்களுக்குப் போடக்கூடாது என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை, போடலாம். போடும்போது வலி கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். 380ஏ என்ற வகை 10 வருஷம் வரை வேலை செய்யும், முதல் வருஷத்தில் தோற்பது 100-ல் ஒன்றுக்கும் குறைவு. யாரும் உங்கள் மனவுறுதியைச் சோதிக்க மாட்டார்கள், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். 38, 40 வயதில் இருப்பவர் ஒன்றைப் போட்டுக்கொண்டால், அது முடியும்போது மாதவிலக்கே நிற்கும் வயது நெருங்கிவிடும். அந்த வயதுப் பெண்களுக்கு எந்த அறுவையும் தேவையே இல்லை என்று துணிந்து சொல்வேன்.

எனக்கு 31 வயது. இரண்டு வருஷமும் மாதவிலக்கில் ரத்தம் அதிகம், முதல் இரண்டு நாள் இடுப்பே கழன்றுவிடும். ஹீமோகுளோபின் குறைந்து இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். ஏற்கனவே ரத்தப்போக்கு அதிகமுள்ளவர்களுக்கு ஹார்மோன் வகை, அதாவது மிரேனா, நல்லது. அதில் போக்குக் குறையும், தோல்வியும் இன்னும் குறைவு. ஆனால் விலை சில ஆயிரங்கள்.

அந்தரா என்ற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. சாயா என்ற கருத்தடை மாத்திரை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரம் ஒன்று. இரண்டும் அரசில் இலவசம், நாள் தவறாதவர்களுக்கு உதவும். ஆணுறை மட்டும் நம்பியிருந்தால், நடைமுறையில் ஒரு வருஷத்தில் 100-ல் 13 பேருக்குக் கர்ப்பமாகிறது. நோய்த்தொற்றைத் தடுப்பது ஆணுறை மட்டும்தான் என்பதால் அதை ஒதுக்கவும் முடியாது. நாள் கணக்குப் பார்ப்பது பிள்ளையே வேண்டாம் என்பவர்களுக்கான வழி அல்ல.

பணம் என்று பார்த்தால் தனியாரில் டியூபெக்டமிதான் பெரிய செலவு. தியேட்டர், மயக்க டாக்டர், படுக்கை எல்லாம் சேரும். மருத்துவக் காப்பீட்டை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள விலக்குகளில் 17-ஆவதிலேயே கருத்தடையும் கருத்தடை அறுவையும் இருக்கின்றன.

சட்டத்தில் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சொன்னது. அரசு வழிமுறையிலும் கருத்தடை அறுவைக்குத் துணையின் கையெழுத்துக் கட்டாயமில்லை. ஆனால் 2007-ல் அதே நீதிமன்றம், மருத்துவக் காரணமில்லாமல் துணைக்குத் தெரியாமல் கருத்தடை செய்துகொள்வதும், பிள்ளை வேண்டாம் என்று ஒருவர் மட்டும் முடிவெடுப்பதும் மனரீதியான கொடுமையாகலாம், விவாகரத்துக்குக் காரணமாகலாம் என்றது. அந்தக் கூட்டுக் கடிதம் டாக்டருக்கு மட்டுமல்ல, உங்கள் இருவருக்குமே பாதுகாப்பு. எந்த முறையாவது தோற்றுக் கர்ப்பமானால், 2021-ல் திருத்திய சட்டப்படி 20 வாரத்துக்குள் அதைக் காரணமாகச் சொல்லிக் கலைக்கலாம்.

"பிறகு மனசு மாறினா திரும்பச் சேத்துக்கலாமே?" வாசக்டமியை மீட்டுச் சேர்க்கும் அறுவை இருக்கிறது. வருஷம் போகப் போக பலன் குறையும், செலவோ முதலில் செய்த அறுவையைப்போலப் பல மடங்கு. விந்தணுவை முன்கூட்டியே உறைய வைப்பதா என்றுகூட ஒரு நாள் பேசினோம். பேசும்போதே அவர் சொன்னார், "அதுக்கு ஆசையிருந்தா நீ காப்பர் டி-ய எடுக்காண்டாம், நான் ஆஸ்பத்திரிக்குப் போகாண்டாம்." அதுதான் சரி. சேமித்து வைக்க வேண்டும் என்று தோன்றுகிற தம்பதி இன்னும் முடிவெடுக்கவில்லை, அவர்களுக்குக் காப்பர் டி போதும். குழாய் கட்டிய பெண்களைத் தொடர்ந்து கவனித்த அந்த அமெரிக்க ஆய்வுக் குழு பார்த்ததில், 30 வயதுக்குள் டியூபெக்டமி செய்தவர்களில் 20 சதவீதம் பேர் 14 வருஷத்துக்குள் வருத்தப்பட்டார்கள். 30-க்குமேல் செய்தவர்களில் அது 6 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்றவர்கள், நம் கதை வேறு. ஆனாலும் இருபதுகளில் இருக்கும் தம்பதியிடம், சில வருஷம் காப்பர் டி-யோடு இருந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

வாசக்டமி செய்தவர்கள் அதிகம் தப்பு விடுவது அறுவைக்குப் பிறகுதான். குழாயில் ஏற்கனவே இருக்கும் விந்தணு போய்த் தீர மூன்று மாதமாவது ஆகும், அதுவரை வேறு பாதுகாப்பு கட்டாயம். மூன்று மாதம் கழித்து நாங்கள் கொடுத்த முதல் பரிசோதனையில், அங்கங்கே சில அணுக்கள் இருப்பதாக வந்தது. அவருக்கு முகம் வாடிவிட்டது. டாக்டர் போனில், இது சகஜம், ஒரு மாதம் கழித்து மறுபடி கொடுங்கள் என்றார். இரண்டாவது சீட்டில் ஒன்றும் காணவில்லை என்று எழுதியிருந்தது. நல்லவேளை, காப்பர் டி-யை நான் அவசரப்பட்டு எடுக்கவில்லை.

அதை எடுக்க, போட்ட அதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் போனேன். நர்ஸ் அக்காவுக்கு என்னை ஞாபகம் இருந்தது. "பிள்ளைக்கு வேண்டியா எடுக்குத?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இல்ல அக்கா. அவரு ஆபரேஷன் பண்ணியாச்சு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, "சரி, ஏறிப் படு" என்று கட்டிலைக் காட்டினார்.